மாரிக்கு முன் மாட்டுப்பட்டி: திருகோணமலை மாட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாரியில் மாடு விழுந்தால் "குளிர் தாங்கவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். திருகோணமலையில் மார்கழி இரவின் வெப்பம் சராசரியாக 24 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்து நிற்கும் மாட்டுக்கு அது குளிரே அல்ல.

ஆபத்து மூன்று சேரும்போது வருகிறது: தோல்வரை நனைந்த மயிர், வாடைக்காற்று, வெறும் வயிறு. காய்ந்த மயிருக்குள் தங்கும் காற்று ஒரு போர்வை மாதிரி. மயிர் நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும். தோலில் உள்ள ஈரம் ஆவியாவதற்கு உடம்புச் சூடு செலவாகும், காற்று அந்தச் செலவை இரட்டிப்பாக்கும். அந்த நேரத்தில் சூட்டை ஈடுசெய்ய மாட்டிடம் முக்கியமாக இருப்பது வயிற்றில் நொதிக்கும் வைக்கோல்தான். 2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தபோது நடந்தது இதுதான். நாள் முழுக்க மழை, விடாத காற்று, பல நாளாக ஒழுங்கான மேய்ச்சல் இல்லை.

ஆகவே வேலையின் ஒழுங்கு இப்படி: முதலில் தீனி, பிறகு தரை, பிறகு காற்றுமறைப்பு, கடைசியில் கூரை. புதிதாக மாடு வளர்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையிலுள்ள காசெல்லாம் தகரத்துக்குப் போகும், கார்த்திகை நடுவில் வைக்கோல் தேடி அலைவார்கள். கூரைக்குக் கீழே பட்டினி கிடக்கும் மாட்டைவிட, கூரையில்லாத மேட்டில் வைக்கோல் மெல்லும் மாடு பிழைக்கும்.

கீழேயுள்ள கணக்குகள் பத்து வளர்ந்த மாடுகளுக்கானவை. ஒரு மாடு ஏறக்குறைய 220 கிலோ என்று வைத்திருக்கிறோம். கலப்பின மாடு பெரிது, அதற்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. கையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

முதல் தேவை வைக்கோல். மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் 2 முதல் 2.5 வீதம்வரை உலர்தீனி தின்னும். வெளியே விடமுடியாத முழு மழை நாளில் ஒரு மாட்டுக்கு 5 கிலோ வைக்கோல், அரைநாள் மேய்ந்து வந்தால் 2 கிலோ என்று கணக்கு வையுங்கள்.

கார்த்திகைத் தொடக்கத்திலிருந்து தை நடுப்பகுதிவரை ஏறக்குறைய 75 நாள். அதில் 25 நாள் முழு மழை, 50 நாள் அரைமேய்ச்சல் என்று கொண்டால் ஒரு மாட்டுக்கு 225 கிலோ. பத்து மாட்டுக்கு 2,250 கிலோ. மிதிபடுவது, பூசணம் பிடிப்பது, அயலவர் கேட்பது எல்லாம் சேர்த்து 2,500 கிலோ இருந்தால் நிம்மதி. இயந்திரக் கட்டு வாங்குபவர்கள் நாலைந்து கட்டைத் தராசில் போட்டுப் பாருங்கள். கட்டின் எடை ஆளுக்கு ஆள் மாறும், எண்ணிக்கையை நம்பி வாங்கியவர்களுக்கு மார்கழியில்தான் குறை தெரியவரும்.

மற்றவை:

- வைக்கோல் போருக்கு மேல் போட ஒரு தறப்பாள், 18க்கு 24 அடி
- தரைக்குக் கிறவல், 2 கியூப்
- மறைப்புக்குக் கிடுகு அல்லது தைத்த உரப்பைகள்
- கல்லுப்பு 25 கிலோ, நெல் தவிடு ஒரு மூட்டை
- மயில்துத்தம் 1 கிலோ, அயடீன் ஒரு போத்தல்
- உடல் வெப்பமானி ஒன்று, காய்ந்த சாக்குகள் பத்து

தவிட்டை அதிகம் வாங்கி அடுக்காதீர்கள். மாரி ஈரத்தில் சில வாரங்களிலேயே காறிவிடும். காறிய தவிட்டை மாடு மோந்துவிட்டு விலகும்.

2. ஆவணி, புரட்டாதி: சிறுபோக வைக்கோலைப் பிடியுங்கள்

மாரிக்கான வைக்கோல் சிறுபோக அறுவடையில்தான் கிடைக்கும். அப்போது கச்சான் காற்றும் வெயிலும் இருக்கும், ஒரே நாளில் காயும். பெரும்போக வைக்கோல் மாசி, பங்குனியில் வருவது. அது அடுத்த கோடைக்கு உதவும், இந்த மாரிக்கு உதவாது.

அறுவடை இயந்திரம் வைக்கோலை வயல் முழுக்கப் பரப்பிவிட்டுப் போகும். வயல்காரரிடம் அறுவடைக்கு முந்தியே பேசி வையுங்கள். இயந்திரம் போன மறுநாள் கொளுத்திவிடுகிறவர்கள் உண்டு. வாரி எடுக்கக்கூடியது ஏக்கருக்கு ஒரு தொன் என்று கணக்கிட்டால் பெரிதாக ஏமாறமாட்டீர்கள். பத்து மாட்டுக்கு இரண்டரை ஏக்கர் வைக்கோல் வேண்டும்.

வைக்கோல் காய்ந்ததா என்று பார்க்கும் முறை இது. ஒரு பிடி எடுத்துக் கயிறுபோல் இறுக முறுக்குங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் போருக்குப் போடலாம். கைக்குள் குளிர்ச்சி தெரிந்தால் இன்னொரு வெயில் காட்டுங்கள். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே வேகும், கறுக்கும், சில வேளை தானாகவே தீப்பிடிக்கும்.

3. போர் போடுதல்

போருக்கான இடம் பட்டியைவிட உயரமாகவும், பட்டியிலிருந்து இருபது முப்பது அடி தள்ளியும் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மாட்டுக்குப் பரவக்கூடாது, கொட்டும் மழையில் தூக்கிவரத் தூரமாகவும் இருக்கக்கூடாது.

தரையில் நேரே போடாதீர்கள். பனங்குற்றி, தென்னங்குற்றி என்று கிடைப்பதை அடுக்கி ஓரடி உயரத்துக்கு மேடை போடுங்கள். மேடை இல்லாத போரில் அடியிலுள்ள ஒன்றரை அடி வைக்கோல் உரக்குழிக்குத்தான் போகும்.

நடுவில் ஒரு கம்பு நட்டு, அதைச் சுற்றி வட்டமாக அடுக்குங்கள். நடுப்பகுதியை எப்போதும் ஓரத்தைவிட உயரமாக வைத்துக்கொண்டே மிதியுங்கள். ஓரம் உயர்ந்தால் மழைநீர் போருக்குள் இறங்கும். உச்சி கூம்பாக, செங்குத்தாக முடிய வேண்டும். புதியவர்கள் மேலே தட்டையாக விட்டுவிட்டு, தறப்பாள் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். தட்டை உச்சியில் தண்ணீர் குளமாகத் தேங்கி, தறப்பாளின் முதல் ஓட்டையால் எல்லாம் உள்ளே போகும்.

தறப்பாளால் போரின் மேல் மூன்றிலொரு பங்கை மட்டும் மூடுங்கள். நிலம்வரை போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நுனிகளைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் முனையில் மண் நிரப்பிய உரப்பையைத் தொங்கவிடுங்கள். முளையில் இறுகக் கட்டிய தறப்பாள் காற்றில் கிழியும். தொங்கும் மூட்டை காற்றோடு ஆடி விட்டுக்கொடுக்கும்.

முதல் பத்து நாள், ஒரு இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்கமுடியாத சூடு என்றால் போரைப் பிரித்து மறுபடி காயவிட வேண்டும். சோம்பலாக இருக்கும், ஆனாலும் பிரியுங்கள்.

எடுக்கும்போது தென்மேற்குப் பக்கத்திலிருந்து, மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். வடகிழக்குப் பக்கத்தைக் குடைந்தால் வாடை மழை அந்தக் குடைவுக்குள் நேரே அடிக்கும்.

யூரியா வைக்கோல் செய்ய விரும்புபவர்களுக்கு அளவு இது: 100 கிலோ வைக்கோல், 100 லீற்றர் தண்ணீர், 4 கிலோ யூரியா. யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு வாரம் விடுங்கள். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். மாட்டுக்குப் போடுமுன் ஒரு மணித்தியாலமாவது பரப்பி ஆறவிடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. கரைத்த யூரியாத் தண்ணீர் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் ஒரு நிமிடமும் வைக்காதீர்கள். அதைக் குடித்த மாட்டைக் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

4. புரட்டாதி: ஊசியும் புழுமருந்தும்

தொண்டை அடைப்பான் மழை தொடங்கும் காலத்து நோய். களைத்த, நனைந்த மாட்டை ஒரே நாளில் கொல்லும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். மழை தொடங்கியபின் போடும் ஊசி அந்த மழைக்குப் பிந்திவிடும். ஆகவே புரட்டாதியிலேயே உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் திகதி கேளுங்கள். கால், வாய் நோய்க்கான ஊசியையும் அங்கேயே விசாரியுங்கள். காதுப்பட்டி இல்லாத மாடுகளுக்கு அதே வருகையில் இலக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அனர்த்தத்தில் மாடு இறந்தால், பதிவு இல்லாத மாட்டுக்கு ஆதாரம் காட்டுவது பெரும்பாடு.

புழுமருந்தும் இப்போதுதான். புழு நிறைந்த மாடு தின்னும் வைக்கோலில் ஒரு பங்கு புழுவுக்குப் போகிறது. கன்று பிறந்து இரண்டு வாரமானதும் தனியாகக் கொடுக்க வேண்டும். மருந்தும் அளவும் எடையைப் பொறுத்தவை, மிருக வைத்தியர் சொன்னபடி கொடுங்கள்.

அன்றே மந்தையை ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். விலா எலும்பு எண்ணும்படி தெரிகிற மாடு, கிழட்டு மாடு, மார்கழியில் கன்று போடப்போகிற பசு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்று. முதலில் விழப்போவது இவைதான். இவற்றுக்குத் தவிடு இன்றே தொடங்குங்கள், நாளுக்கு 1 கிலோ போதும். மெலிந்த மாட்டைத் தேற்ற இரண்டு மாதம் வேண்டும். மழைக்குள் தேற்ற முடியாது.

5. இடம் தெரிவு

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வயல்வெளியிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய திகதி தீர்மானமாகும். அந்தத் திகதிக்குப் பிறகு மந்தைக்கு மிஞ்சுவது காட்டோரமும் ஆற்றோரப் புல்தரையும்தான். கோடையில் நல்ல மேய்ச்சல் உள்ள அந்தத் தரைதான் மாரியில் முதலில் தாழும். ஆகவே பகல் மேய்ச்சலுக்கு ஓர் இடம், இரவுப் பட்டிக்கு வேறோர் இடம் என்று இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

இரவுப் பட்டிக்கு உயரம்தான் முதல் தகுதி. ஊரில் வயதானவர்களிடம் வெள்ளம் எந்த மரம்வரை ஏறியது என்று கேளுங்கள். மரத்தில் காய்ந்த சேற்றுக்கோடும் கிளையில் சிக்கிய சருகும் அதைக் காட்டும். அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது மூன்றடி உயரம் இருக்கட்டும்.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா தாழ்நிலப் பகுதிகளில் ஒன்றைத் தனியாக நினைவில் வையுங்கள். அங்கே வெள்ளம் உள்ளூர் மழையால் மட்டும் வருவதில்லை. மலைநாட்டில் பெய்த மழை மகாவலியால் இறங்கி, ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து சேரும். தலைக்கு மேல் வானம் வெளித்திருக்கும்போதே கால் நனையும். தம்பலகாமத்துக்காரர்களுக்குக் கந்தளாய்க் குளத்தின் வான்கதவுச் செய்திதான் முக்கியம்.

தனிமரத்தடியும் வேண்டாம். ஐப்பசியில் பின்னேர இடியோடுதான் மழை தொடங்கும். மாடுகள் கூட்டமாக ஒதுங்கும் ஒற்றை மரமும், முட்கம்பி வேலி ஓரமும் மின்னல் எடுக்கும் இடங்கள். நீளமான கம்பி வேலியில் இடையிடையே மரத்தடி வைத்துக் கம்பியைத் துண்டித்துவிடுங்கள், மின்சாரம் வேலி முழுவதும் ஓடாது.

6. தரையும் வடிகாலும்

கூரையைவிடத் தரையில் காசு போடுங்கள். மாடு படுத்து அசைபோட்டால்தான் தின்றது உடம்பில் பிடிக்கும். சேற்றில் மாடு படுக்காது. இரவு முழுக்க நின்று, மூன்றாம் நாள் காலில் புண்ணோடு நொண்டும்.

ஒரு மாட்டுக்கு 4 சதுர மீற்றர் என்றால் பத்து மாட்டுக்கு 40 சதுர மீற்றர். அந்த அளவுக்கு 15 சென்ரிமீற்றர் தடிப்பில் கிறவல் போட 6 கனமீற்றர், அதாவது ஏறக்குறைய 2 கியூப் பிடிக்கும். முதலில் மேல் மண்ணையும் சாணத்தையும் வழித்து எடுங்கள். சாணத்தின்மேல் கொட்டிய கிறவல் ஒரு மழையில் கீழே போய்விடும். இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்குங்கள். ஐப்பசி முதல் மழைக்கு முன் இதை முடியுங்கள்.

தென்மேற்குப் பக்கம் சரிவு வையுங்கள், 40 அடிக்கு ஓரடி போதும். இன்னும் செங்குத்தானால் கன்று வழுக்கும், கிறவலும் கரைந்து ஓடும்.

வடிகால் பட்டியின் மேல்பக்கத்தில் வெட்டப்பட வேண்டும். பலர் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வெட்டுகிறார்கள். அது விழுந்த தண்ணீரை எடுத்துப்போகும், ஓடிவரும் தண்ணீரைத் தடுக்காது. மேட்டிலிருந்து வருவதை மறித்துத் திருப்பினால் பாதிச் சேறு உண்டாகவே மாட்டாது. ஓரடி அகலம், ஓரடி ஆழம், வாய் கிணற்றுக்கோ குளத்துக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

களிமண் நிலம் என்றால் கிறவலின் மேல் நாள்தோறும் கழிவு வைக்கோலை நான்கு விரல் தடிப்புக்கு விரியுங்கள். மாடு தின்னாமல் விட்ட அடித்தண்டு இதற்குப் போதும்.

7. வாடைக்கு மறைப்பு

மாரியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். மறைப்பு வடக்கிலும் கிழக்கிலும், எல் வடிவில். தெற்கும் மேற்கும் திறந்திருக்கட்டும்.

நான்கு பக்கமும் அடைப்பது பெரிய பிழை. மூத்திர நெடியும் மூச்சு ஈரமும் உள்ளே தங்கி, கன்றுகளுக்குச் சளி பிடித்து நுரையீரலுக்கு இறங்கும். காலையில் பட்டிக்குள் குனிந்து கன்றின் மூக்கு உயரத்தில் மூச்செடுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் மறைப்பு மிஞ்சிவிட்டது.

மறைப்பு 5 அடி உயரம் போதும். இடைவெளியே இல்லாத சுவரைவிடச் சிறிது காற்றுக் கசியும் கிடுகு வேலி நல்லது. முழுச்சுவரில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், மாட்டின் முதுகில்தான் அது விழும். கிடுகில் மோதும் காற்று பிளந்து வேகம் இழக்கும். 5 அடி வேலியின் நல்ல பயன் அதன் பின்னால் 15 முதல் 25 அடிவரை கிடைக்கும். அதற்குள் படுக்கை அமையட்டும்.

கிடுகு கிடைக்காத இடத்தில் உரப்பைகளைப் பிரித்துத் தைத்து, இரண்டு கம்புக்கு ஒரு கட்டாக வரிந்து கட்டுங்கள். விரிந்த பொலித்தீன் தாள் வேண்டாம். காற்றில் படபடக்கும் சத்தத்துக்கு மாடுகள் ஒரு மூலையில் நெருக்கி நிற்கும், கன்று மிதிபடும்.

அடுத்த மாரிக்கு உயிர்வேலியை இப்போதே தொடங்குங்கள். ஐப்பசி மழையில் கிளிரிசீடியாக் கதிகாலை ஓரடி இடைவெளியில் நட்டால் பிழைத்துவிடும். மறைப்பும் ஆகும், குழையும் தரும். குழையை அறுத்து ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் மாடு தயங்காமல் தின்னும். பச்சையாகப் போட்டு, தின்னவில்லை என்று கைவிட்டவர்கள் அநேகம்.

8. கூரை யாருக்கு

ஐம்பது மாட்டுக்குக் கூரை போட எவராலும் முடியாது, தேவையுமில்லை. கன்று, சினைப்பசு, பால்மாடு, நோயாளி மாடு ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள். கன்றுக்கு ஒன்றரைச் சதுர மீற்றர், பசுவுக்கு நான்கு.

கூரையின் உயரம் முன்பக்கம் 7 அடி, வடகிழக்குப் பக்கம் ஐந்தரை அடி. தாழ்ந்த பக்கம் காற்றை நோக்கினால் சாரல் உள்ளே வராது, கூரையும் தூக்கப்படாது. தகரம் என்றால் ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஆணி அடியுங்கள். காற்று பிடித்து உரிப்பது ஓரத்திலிருந்துதான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கை வரும் நாளில் கூரைக்கு மேல் குறுக்காகக் கயிறு போட்டு முளைக்குக் கட்டுங்கள். மாடுகளைக் கூரைக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆடு மாட்டுக்கு முந்தி விழும். மூன்றடி உயரப் பரண், விரல் நுழையும் இடைவெளியுள்ள தட்டு, மேலே கூரை, இவை மூன்றும் ஆட்டுக்குக் கட்டாயம்.

9. மழை நாளின் வேலை ஒழுங்கு

விடிந்ததும் பட்டியைத் திறக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள். எழும்பாத மாடு, அசைபோடாத மாடு, முதுகைக் கூனி நிற்கும் மாடு எது என்று பாருங்கள்.

பிறகு ஒரு மாட்டுக்கு ஒரு கிலோ அளவில் காய்ந்த வைக்கோல் கொடுத்துவிட்டு மேய விடுங்கள். மாரிப்புல்லில் தண்ணீர்தான் அதிகம். அதை மட்டும் வயிறு நிறையத் தின்ற மாடு கழியும், பின்னேரம் வெறும் வயிற்றோடுதான் திரும்பும். வைக்கோல் உள்ளே இருந்தால் புல்லும் தங்கும்.

தூறலில் விடலாம். காற்றோடு கூடிய விடாமழையில் விடவேண்டாம், அன்று 5 கிலோ கணக்கு. தீனியை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கைப் பின்னேரம் 5 மணிக்குக் கொடுங்கள். தின்ற சில மணித்தியாலத்தில்தான் நொதிக்கும் சூடு ஏறும். இரவில் வேண்டிய சூட்டுக்குப் பின்னேரமே விறகு வைக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இரவுக்கு வெறும் தொட்டியை விடுவது பரவலான பிழை.

வைக்கோலைத் தரையில் எறிந்தால் மூன்றிலொன்று சேற்றில் மிதிபடும். பாதியாக வெட்டிய பீப்பாயோ, கம்பில் கட்டிய தட்டியோ வையுங்கள். மெலிந்த மாட்டுக்குத் தனித் தொட்டி, இல்லாவிட்டால் கொம்பன் மாடு தள்ளிவிடும். உப்பு மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிராம்.

மழை நாளிலும் குடிதண்ணீர் வேண்டும். வைக்கோல் தின்ற மாட்டுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் வயிறு கட்டும். தேங்கிய பட்டித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

கால்புண் தொடங்கினால் மயில்துத்தக் கரைசல், லீற்றருக்கு 50 கிராம். ஆழமில்லாத தட்டில் ஊற்றிக் கால்களை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். முதலில் சேற்றைக் கழுவ வேண்டும், சேறு பட்டால் கரைசல் வேலை செய்யாது. மாடு குடிக்கக்கூடாது, மிச்சத்தைக் குளத்தில் ஊற்றக்கூடாது.

10. வெள்ள எச்சரிக்கை நாள்

வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று சொன்னால் அன்று பகலிலேயே மந்தையை மேட்டுப் பட்டிக்குக் கொண்டுவாருங்கள். மகாவலிக் கரையிலிருப்பவர்கள் மன்னம்பிட்டி நீர்மட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு எண் 117.

இரவில் எந்த மாட்டையும் கட்டி வைக்காதீர்கள். வெள்ளத்தில் சாகும் மாடுகளில் பல நீந்தத் தெரியாமல் சாவதில்லை, கயிற்றோடு கட்டப்பட்டுச் சாகின்றன. கட்டியே ஆகவேண்டிய மாட்டுக்கு ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு. முடிச்சு நனைந்தால் இறுகும், அருகில் ஒரு கத்தி தொங்கட்டும்.

ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே மந்தையைச் சாய்க்காதீர்கள். பெரிய மாடு நீந்தும், கன்று அடித்துப்போகப்படும், கன்றைத் தேடித் தாயும் திரும்பும். மூன்று நாள் தீனியை மேட்டிலேயே வைத்திருந்தால் ஆற்றைக் கடக்கும் தேவையே வராது.

11. விறைத்த மாடு

நடுக்கம் இருக்கும்வரை மாடு போராடுகிறது. நடுக்கம் நின்று, காதும் காலும் சில்லிட்டு, எழும்பாமல் கிடந்தால் நேரம் குறைவு. ஆசனவாய் வெப்பம் 38 முதல் 39.3 பாகைக்குள் இருக்க வேண்டும். 37.5க்குக் கீழே போனால் உடனே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் காற்றிலிருந்து எடுங்கள். இரண்டாவது, துடையுங்கள். காய்ந்த சாக்கால் மயிருக்கு எதிராகத் தேய்த்து, ஈரச் சாக்கை எறிந்து புதியதை எடுங்கள். ஈரத்தின்மேல் போர்த்தினால் ஈரத்தைத்தான் பொத்தி வைக்கிறீர்கள். மூன்றாவது, கீழே ஓரடி வைக்கோல் போட்டு, நெஞ்சில் படுக்கும்படி இருபக்கமும் வைக்கோல் கட்டால் முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு ஊதி மூச்சு அடைக்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.

தானாகக் குடித்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு பிடி சர்க்கரையும் சிறிது உப்பும். தலை தூக்கமுடியாத மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும். குளிரில் பிழைத்த மாட்டை மூங்கில் குழாயால் வாயில் ஊற்றிக் கொன்ற கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. மிருக வைத்தியரை உடனே அழையுங்கள், சுண்ணாம்புச்சத்து ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார்.

நெருப்பு மூட்டினால் பத்தடி தள்ளி, போருக்கு எதிர்ப்பக்கம். மூடிய கொட்டிலுக்குள் புகைமூட்டம் போடாதீர்கள்.

மழையில் பிறந்த கன்றுக்கு முதல் இரண்டு மணித்தியாலம் முக்கியம். துடைத்து, தொப்புளை அயடீனில் தோய்த்து, சீம்பால் குடிக்க வையுங்கள். 18 கிலோக் கன்றுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் லீற்றர், ஆறு மணித்தியாலத்துக்குள். விரலை வாயில் வைத்தால் சப்ப வேண்டும். சப்பாத கன்றை முதலில் சூடாக்குங்கள், பிறகு பால். வெந்நீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றித் தொடையிடுக்கில் வைக்கலாம்.

செத்த மாட்டைப் புதைக்குமுன் காதுப்பட்டி தெரியப் படமெடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். ஆறடிக் குழி, சுண்ணாம்பு, கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி.

12. மேய்ப்பவரின் உடம்பு

சேற்றிலும் மூத்திரத்திலும் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெறும் டொக்சிசைக்ளின் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. சேற்றில் இறங்கும் வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் ஆஸ்பத்திரியில் மாட்டு வேலை செய்வதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சலாக எண்ணி நாள் கடந்துவிடும்.

போரில் வெறுங்கையை விடாதீர்கள். வெள்ளம் ஏறினால் கண்ணாடி விரியனும் நாகமும் அதே மேட்டுக்குத்தான் வரும். முதலில் கம்பால் தட்டுங்கள். இரவில் ரோச் இல்லாமல் பட்டிக்குப் போகவேண்டாம்.

13. மழை விட்ட பின்

தை வெயில் கண்டதும் மாட்டை இளம்புல்லில் நாள் முழுக்க விடுவது அடுத்த பிழை. வைக்கோலுக்குப் பழகிய வயிறு திடீர்ப் பச்சையில் இடப்பக்கம் ஊதும். முதல் நாள் இரண்டு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலமாகக் கூட்டுங்கள். காலை வைக்கோலை இன்னும் ஒரு வாரம் நிறுத்தாதீர்கள்.

பட்டியின் மேல்படுக்கையை வழித்துக் குவியுங்கள், பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலுக்குப் போகலாம். தறப்பாளை மடிக்குமுன் இரண்டு பக்கமும் காயவைத்து எலி எட்டாத உயரத்தில் கட்டுங்கள். போரில் மிஞ்சிய வைக்கோலை நிறுத்து, எத்தனை கிலோ என்று கொட்டில் கம்பிலேயே எழுதி வையுங்கள். வருகிற ஆவணியில் எத்தனை ஏக்கர் பேச வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.